துடக்கு வீட்டு நாய்

விநாயகமூர்த்தி இறந்த ஒன்பதாம் நாள் அவருடைய நாய் அடுத்த வளவில் முதல் முட்டையைத் திருடியது. பதினான்காம் நாள் ஒரு பேட்டுக்கோழியைப் பிடித்தது. பதினெட்டாம் நாள், சனிக்கிழமை, அந்த வளவுக்காரரின் கெண்டைக்காலையே பிடித்துவிட்டது. வளவுக்காரர் வேறு யாருமல்ல, செத்தவரின் கூடப்பிறந்த தம்பி அம்பலவாணர்.

மண்கும்பானில் அந்த இரண்டு வளவுகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பனைமட்டை வேலி. அதை யார் அடைப்பது என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பதினொரு வருடம் முகம் பார்க்கவில்லை. பாடை தூக்கத்தான் அம்பலவாணர் இந்தப் பக்கம் வந்தார். நாய் கடித்ததோடு அந்த வரத்தும் நின்றது.

செத்தவருக்கு ஒரே மகன், றஜீபன். வயது முப்பத்தெட்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தான், கட்டாரில் ஆறு வருடம் வேலை செய்தான், இப்போது ஊர்காவற்றுறையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் அடிக்கும் ஆலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பு. ஒரு கொம்பிரசர் நின்றால் அது ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும்வரை சாப்பிட மாட்டான். வீட்டில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்கவும் மாட்டான். தகப்பனுக்கும் அவனுக்கும் ஒத்துப்போனதில்லை. கட்டாரிலிருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை கடையில் முட்டைரொட்டி தின்றுவிட்டு வந்தவனைத் தகப்பன் படலையிலேயே மறித்து, கிணற்றில் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். முப்பத்திரண்டு வயது ஆளை, அயல் பார்க்க. அதை அவன் மறக்கவில்லை.

நாய் தகப்பனுடையது. பெயர் சீசர். செம்மண் நிறம், ஒரு காது பாதிதான். தகப்பனைத் தவிர யாரையும் அண்டவிடாது. றஜீபனைக் கண்டால் பல்லைக் காட்டும். அவனும் அதை ஒரு நாளும் தடவியதில்லை.

துடக்கு வீட்டில், சாவுத் தீட்டுக் கழியும் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை, முப்பத்தொரு நாள், மச்சம் கிடையாது. மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. கொள்ளி வைத்தவனுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். தாய் யோகம்மா நாய்க்கும் சோறும் பருப்பும்தான் போட்டாள். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிப் படுத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் உருகிப்போனார்கள். எசமானை நினைத்து அன்ன ஆகாரமில்லாமல் கிடக்கிறதே என்றார்கள். ஒருத்தி போனில் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினாள். யோகம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெற்ற பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நாய் விட்டது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். றஜீபன் கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைத் திருத்தியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடி வாங்கிய அம்பலவாணர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, காலில் கட்டோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"இது விசர் நாய். வாற வெள்ளிக்கிடையில சாக்கில போட்டு நெடுந்தீவுப் படகில ஏத்திவிடு. இல்லாட்டி நான் குறுணல் மருந்து வைச்சுக் கொல்லுவன். சொல்லிப்போட்டன்."

"தடுப்பூசி போட்ட நாய் சித்தப்பா. ஊசி போட்ட காட் இருக்கு."

"அந்தக் காட்டைக் கொண்டுபோய் உன்ர கொப்பரின்ர படத்துக்குக் கீழ வை."

றஜீபன் சாக்கை எடுத்து வைத்தான். நாயை அனுப்ப அவனுக்கு மனத்தடை இல்லை. ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றி எறிகிற பழக்கமும் அவனிடம் இல்லை. அதோடு, தகப்பன் விட்டுப்போனவற்றில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை மிருக வைத்தியர் வந்தார். விசர் இல்லை, என்றாலும் பத்து நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள் என்றார். மாட்டுச் சங்கிலி உரசிக் கழுத்தில் புண் விழுந்திருந்தது. அதற்கு ஒரு தெளிமருந்து தந்தார். கிட்டப் போனால் கை மிஞ்சாது. றஜீபன் மருந்துப் போத்தலை மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியின் நுனியில் கட்டி, நூலை இழுத்தால் தெளிக்கும்படி செய்து, எட்டடி தூரத்தில் நின்று அடித்தான். இரண்டு பனைகளுக்கு நடுவில் கம்பி இழுத்து, பழைய கப்பி ஒன்றைக் கோத்து, சங்கிலி அதில் ஓடும்படி மாட்டினான். நாய் அங்குமிங்கும் ஓடித் திரிந்தது. உறுமல் மட்டும் குறையவில்லை.

பிறகு ஒரு மட்டையில் திகதிகளை எழுதினான். நாய் முட்டை எடுத்தது, கோழி பிடித்தது, காலைக் கடித்தது எல்லாமே பின்னேரம் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். தகப்பன் அந்த நேரம் என்ன செய்வார் என்று தாயிடம் கேட்டான். ஊர்காவற்றுறைச் சந்தையால் வந்து மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய் இருப்பார், பீடி குடிப்பாராக்கும் என்று அவள் சொன்னாள்.

கொட்டிலுக்குப் பின்னால் மூன்று கல் அடுக்கிய அடுப்பு இருந்தது. பக்கத்தில் கரி பிடித்த பால்மாத் தகரம். முகர்ந்து பார்த்தான். ஆலையில் தினமும் மூக்கில் ஏறுகிற அதே மீன் மணம்.

அன்றே ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போய் மீன் விற்கும் மேரிஜோசப்பினிடம் கேட்டான்.

"ஓம் தம்பி, ஐயா ஒவ்வொரு நாளும் சூடை மீன் வாங்குறவர். நாய்க்கு எண்டு."

"வெள்ளிக்கிழமையும் வாங்கினவரோ?"

"வெள்ளிக்கிழமை பையைச் சாரத்துக்குள்ள செருகிக்கொண்டு போவார். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை எண்டு எனக்கும் சொல்லி வைச்சவர்." அவள் கத்தியைத் துடைத்தாள். "நாய்க்கென்ன, செவ்வாய் வெள்ளி தெரியுமே எண்டு கேட்பார்."

றஜீபனுக்கு முதலில் வந்தது கோபம். மகனுக்குத் தெரியவேண்டிய வெள்ளிக்கிழமை நாய்க்குத் தெரிய வேண்டியதில்லை. செத்த ஆளிடம் போய் எதைக் கேட்பது? மீன் கூடைகளுக்கு நடுவில் அப்படியே நின்றான். மேரிஜோசப்பின் வேறு பக்கம் பார்த்து, வேறு ஆளுக்கு மீன் நிறுத்தாள்.

நாய் துக்கத்தில் கிடக்கவில்லை, பசியில் கிடந்தது. தகப்பனோடு அதன் சாப்பாட்டையும் சேர்த்து எரித்துவிட்டார்கள்.

சூடை வாங்கினான். ஒளிக்கவில்லை. வெட்டவெளியில், இரண்டு வளவுக்கும் தெரிய, அந்த மூன்று கல்லையும் பெயர்த்து வைத்து, குறுணல் அரிசியும் மீனும் போட்டு முள் கரையும்வரை அவித்தான். மணம் முதலில் குசினிக்குப் போனது. யோகம்மா வந்து நின்றாள்.

"கொள்ளி வைச்ச கை அது."

"நாய் பட்டினி அம்மா."

"அந்த மனிசன் இன்னும் கரை சேரேல்லை. அதுக்குள்ள வீட்டில மீன் அவிக்கிறாய்."

அந்த மனிசனே வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கல்லில் மீன் அவித்தவர் என்று றஜீபன் சொன்னான். மேரிஜோசப்பினிடம் கேட்டதையும் சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம். தாய் தகரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதோடு அவனுடன் பேச்சை விட்டாள்.

வேலிக்கு மேலால் அம்பலவாணரின் தலை தெரிந்தது. றஜீபன் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். வெள்ளிவரை ஒரு முட்டை குறைந்தாலும் தானே நாயைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோவதாகவும், குறையாவிட்டால் மருந்துக் கதையை விடவேண்டும் என்றும். நாய் கட்டில் நின்றால் எப்படித் திருடும் என்று அவர் கேட்டது நியாயம். றஜீபன் எழுந்து போய், கொக்கத்தடியின் கொளுவியால் சங்கிலியைக் கழற்றிவிட்டான். வைத்தியர் சொன்னதற்கு அது மாறு என்று அவனுக்குத் தெரியும். படலையைப் பூட்டி, நாய் நுழைந்து போகும் வேலிப் பொட்டைத் தகரத்தால் அல்ல, நான்கு முள்ளுக் கிளையால் மட்டும் அடைத்தான். நினைத்தால் நாய் தள்ளிக்கொண்டு போகலாம். பின்னேரம் நாலு மணிக்குச் சாப்பாடு வைத்துவிட்டு ஐந்துவரை பொட்டடியில் தானே நின்றான். நாலு நாளும் அப்படி.

நாய் பொட்டுப் பக்கம் வரவேயில்லை. வயிறு நிறைந்ததும் பனையடி நிழலில் படுத்துத் தூங்கியது.

வெள்ளிக்கிழமை அம்பலவாணர் வந்தார். முட்டைகளை எண்ணியிருந்தார். ஒன்றும் குறையவில்லை. மருந்து வைப்பதில்லை என்றார், சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். ஆனால் போகவில்லை. ஒரு சண்டையை வெறுங்கையோடு விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

"முட்டை போகேல்லை, மரியாதை போச்சு. செத்த வீட்டில மீன் மணக்குது. எங்கட அண்ணற்ற அந்தியேட்டிக்கு நான் வரமாட்டன். எங்கட ஆக்களில ஒருத்தரும் வரமாட்டினம். நாயை விட்டிட்டுச் சாம்பல் கரைக்க எங்களோட கீரிமலைக்கு வாறியோ, நாயோட தனிய நிக்கிறியோ, நீயே முடிவெடு."

"நாய் இருக்கும் சித்தப்பா."

"அப்ப நாய் பிண்டம் வைக்கட்டும்."

முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போன வாடகை வான் வண்டியில் பன்னிரண்டு இருக்கை. தாய், மகன், சாரதி. மிச்சத்தில் தேங்காயும் பூசைச் சாமானும் இருந்தன. ஐயர் மற்ற ஆண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். யோகம்மா கடலைப் பார்த்தாள். றஜீபன் தனியாகத் தண்ணீரில் இறங்கி, தகப்பனின் சாம்பலைக் கரைத்துவிட்டு ஏறினான். அவன் அழுததை ஐயர் மட்டும்தான் பார்த்தார்.

திரும்பி வரும்போது, பண்ணைப் பாலத்தில், பதினொரு நாளுக்குப் பிறகு தாய் வாயைத் திறந்தாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாம். நான் என்ன அவரைத் தின்றிருப்பனே? மீன்காரிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியேல்லை."

 தனக்கும் அவர் சொல்லவில்லை என்று றஜீபன் சொன்னான்.

வீடு வந்து சேர நாலு மணி தாண்டிவிட்டது. தகரத்தை எடுத்துக்கொண்டு பனையடிக்குப் போனான். சீசர் எழுந்து நின்று உறுமியது. கழுத்துப் புண் காய்ந்து தோல் மூடியிருந்தது. தகரத்தை வைத்துவிட்டு ஐந்தடி பின்னால் போய் நின்றான். நாய் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், உறுமலையும் நிறுத்தாமல், தின்னத் தொடங்கியது. தகரம் காலியாகும்வரை அவன் அங்கேயே நின்றான்.