மாதாவுக்குத் தவறான விலாசம் கொடுத்தோம்

"வாய்ப் புற்றுநோயால் அவதியுறும் எங்கள் சகோதரி ஸ்டெல்லாவுக்காக." அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தின் செபக் குறிப்பேட்டில், தவக்காலம் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், ஏழாம் வரி இது. அந்த ஸ்டெல்லா நான்தான். என் வாயில் ஒரு கோளாறும் இல்லை.

எனக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். குறிப்பேட்டில் எழுதிய என் கணவர் சூசைக்கு அந்த முதல் சொல்லை எழுதக் கூச்சம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கண்டெய்னரைத் தூக்குவார், அந்த ஒரு சொல்லைத் தூக்க முடியவில்லை.

அதே வாரம் செவ்வாய், காலை பத்தே முக்காலுக்கு டாக்டரம்மா படம் வரைந்து விளக்கியிருந்தார். ஆரம்ப நிலைதான். கர்ப்பப்பை வாயில் கூம்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பார்கள். வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்து, நோயும் ஆழமாகப் போகாமலிருந்தால் அதுவே போதும், கர்ப்பப்பை தங்கும். இல்லையென்றால் மறுபடி வெட்ட வேண்டும், அல்லது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும். நோய் பரவியிருந்தால் சுற்றியுள்ள திசுவும் நிணநீர் முடிச்சுகளும் சேர்ந்து போகும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. அன்று டைரியில் தேதியை மட்டும் எழுதினேன். அதற்குக் கீழே எழுத வரவில்லை.

அன்பியத்தார் எனக்காக நவநாள் தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, தலைவி ரோசம்மா அக்கா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார்.

"மெல்லாத, அப்டியே முழுங்கு. இன்னாமே, பாக்கு போட்டியா?"

"இல்லக்கா."

"பின்ன எப்டி வந்துச்சு? வாய் நல்லாத்தானே கீது? என்னாண்ட எத்தினி தபா சண்டை போட்டுகினு கீற!"

நான் உண்மையைச் சொன்னேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்ய! ஒம்போது நாளா மாதாவ உன் பல்லாண்ட நிக்க வெச்சுகினு கீறோமே! யோவ் சூசை, சொல்லக் கூடாதா நைனா?"

அக்கா எங்கள் இருவரையும் கையோடு மாதா சிலை நிற்கும் கெபிக்கு இழுத்துப்போய், மீன் விற்றுப் பழகிய குரலில் செபித்தார்: "அம்மா, அட்ரஸ் தப்பா குட்துட்டோம். கர்ப்பப்பைம்மா. கொஞ்சம் கீழ எறங்கு. அந்தப் பைய மட்டும் இவளுக்கு வுட்டுக் குடு."

கெபியில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது, பன்னிரண்டு நாட்களில் முதல் முறையாக. சூசை முழந்தாளிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமா, கர்ப்பப்பை" என்றார்.

தவக்காலம் நான்காம் வாரத் திங்களன்று அறுவை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத் திங்களன்று அறிக்கை: விளிம்பு சுத்தம், ஆழமில்லை. வேறு அறுவை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. டைரியில் அன்று நான்கு பக்கம் எழுதினேன்.

இறைவன் எங்கள் எழுத்துப் பிழையைத் திருத்திப் படித்தார் என்றே நம்புகிறேன். இப்போது ரோசம்மா அக்கா உள்பட எங்கள் அன்பியத்துப் பெண்கள் பதினொரு பேர் பரிசோதனை செய்துகொண்டுவிட்டார்கள். சகோதரிகளே, வேண்டுங்கள், கூச்சப்படாமல் பெயர் சொல்லி வேண்டுங்கள். மாதவிலக்கு அல்லாத நாளில் இரத்தம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடமும் போங்கள்.

மாதா பிறந்தநாளான செப்டம்பர் எட்டுக்கு மறுநாள் ஆறு மாத மறுபரிசோதனைக்கு மாதிரி கொடுத்தேன். அதுவும் சுத்தமென்றால் குழந்தைக்கு முயலலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாதாவுக்கு நன்றியை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முடிவு, இதை எழுதும் இன்று மாலை ஐந்து மணி வரை, வரவில்லை.