தேய்ந்த பிரேக் கட்டைகள்

ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் நாய் இறந்தது. பினாங்குக்குச் சைக்கிளில் போகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த மகள், "நான் போகலப்பா" என்று சொல்லிவிட்டாள்.

சைக்கிளைச் சரிசெய்து வைத்தால் மனம் மாறுவாளென்று, அவளைக் கேட்காமலே கிள்ளான் டவுனில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒல்லியானவர். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கண்ணை மூடிச் சத்தம் கேட்டார்.

"என்ன அங்கிள், செயின் புதுசு, பிரேக் கட்டை மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு? ஓட்டுனதவிட நின்னதுதான் அதிகம் லா!"

"என் மக ஓட்டுறப்போ கூடவே நாய் ஓடும். லைட் கம்பத்துக்குக் கம்பம் நிக்கும். போன வாரம் செத்துப்போச்சு."

அவர் சிரிப்பு நின்றது. கையில் எடுத்த புதுக் கட்டைகளைக் கீழே வைத்தார்.

"ஓட்டுற பிள்ளையே வந்து சொல்லட்டும் அங்கிள். அதக் கேக்காம இதக் கழட்ட மாட்டேன்."

எந்தக் கடைக்காரர் இப்படிச் சொல்வார்?

சனிக்கிழமை மகள் என்னோடு கடைக்கு வந்தாள். தேய்ந்த கட்டைகளை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"புதுசு மாட்டுங்கண்ணே. பினாங்கு போற வழியில நிறைய இறக்கம் இருக்கு."