யூகோ கழுவின கோப்பை

விரி என்ற ஊரில் ஒரு வேர்ஹவுசில் என்னோடு பெட்டி கட்டுகிறவள் யூகோ. ஏவன்டேலில் தன் வீட்டுக் கராஜுக்குள் பாய் விரித்து, ஜப்பானியத் தேநீர் அறை ஒன்று வைத்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். கிழமை முழுக்க நின்று வேலை செய்த களைப்பு எனக்கு. அவள் பச்சைத் தேநீரை ஆறுதலாக அடித்துக் கலக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடித்து முடித்ததும், பழக்கதோசத்தில் கோப்பையைக் கழுவ எழும்பினேன்.

"இரு. இங்கே விருந்தாளி எழும்பக்கூடாது" என்றாள்.

என் கண் முன்னாலேயே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தாள். நான் குடித்த கோப்பையை இன்னொராள் கழுவி எத்தனை வருசம்?

பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பையை மேசையிலேயே விட்டேன். என்ர மனுசன் பயந்துபோனார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏலாமல் கிடக்கோ?"

"ஓமப்பா, கனகாலமாய்" என்றேன்.