பாடம் மாற்றும் படிவம்

பல்கலைக்கழக முதலாம் ஆண்டுக்கு நான் எடுத்த மூன்று பாடங்களில் ஒன்று புவியியல். அதற்கு வரைபடப் பயிற்சி கட்டாயம். முதல் வாரமே ஒரு வரைபடத்தைத் தந்து, வீட்டில் பார்த்து வரைந்துவரச் சொன்னார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த மாமா வீட்டில் அதை மேசையில் விரித்தேன்.

மாமி பார்த்துவிட்டார். "பிள்ளை, செக்கிங்குக்கு வாற ஆமி உந்த மப்பைக் கண்டா, உன்னை விட்டிட்டு என்ர மகனைத்தான் கொண்டுபோவாங்கள்."

எனக்கு எரிச்சல் வந்தது. அதில் இருந்தது தேயிலை மலையும் இரண்டு ஆறும்தான். ஆனால் போன மாதம்தான் மாமியின் மகனைப் புலி என்ற சந்தேகத்தில் பொலிஸில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

மறுநாள் பாடம் மாற்றும் படிவத்தில், காரணம் என்ற இடத்தில் 'ஆர்வமில்லை' என்று எழுதினேன். கூடவே இணைத்த உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றில் புவியியலுக்கு மட்டும்தான் 'ஏ' சித்தி. விரிவுரையாளர் இரண்டையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.