தங்கபாய் கவிழ்த்த அண்டா

ஆரியசாலையில் என் பாத்திரக் கடையைத் தெரியாதவர் இருந்தால் அவர் வெளியூர்க்காரர். ஐந்தாம் வகுப்போடு வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி இந்த மலையாள மண்ணுக்கு வந்து, மூன்று மாடிக் கட்டடம் எழுப்பியவன் நான். அதன் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் தங்கபாயைப் பற்றித்தான் எழுத வந்தேன். என்னைப் பற்றி ஆரம்பித்தால் தாள் போதாது.

தங்கபாய் கொத்தனார் மகள். பாலிடெக்னிக் முடித்து டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்த்தவள். இப்போது சர்க்யூட் போர்டு செய்கிறாள். ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் அணுவைவிடச் சின்னத் துகள்களை மோதவிட்டு, சிதறுவது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார்களாம். அந்தத் தடம் பார்க்கும் கருவியின் சிக்னலைப் படிக்கிற போர்டு செய்ய, இங்குள்ள ஓர் ஆராய்ச்சிக் குழு ஆள் தேடியது. தங்கபாய் மாதிரிக்கு ஒன்று செய்தாள். தேறினால் ஆர்டர் அவளுக்கு, இல்லையென்றால் பெங்களூருக்காரனுக்கு. விஜயதசமி காலையில் குழுவின் ஆதிரா மேடம் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சோதித்துப் பார்க்க மோதல் வேண்டாம். வானத்திலிருந்து சில துகள்கள் எந்நேரமும் பொழிகின்றனவாம். கூரையையும் நம்மையும் துளைத்துப் போகுமாம். துகள் பட்டால் சிக்னல் தரும் நான்கு தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், துகள் போன வழியில் நான்கு புள்ளி விழும். சேர்த்தால் கோடு.

கோடு வரவில்லை. திரை முழுக்கப் புள்ளிதான்.

வருஷா வருஷம் நவராத்திரிக்கு ஊர்வலமாக வரும் குமாரசுவாமி விக்கிரகம் எங்கள் ஆரியசாலைக் கோயிலில் வந்து தங்கியிருந்த சமயம். என் கட்டடத்துக்கு நான் போட்ட சீரியல் லைட்டை ஊரே நின்று பார்த்தது. தங்கபாய் மட்டும் படபடவென்று இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க லைட்டு மினுக்குத நேரம்லாம் என் ஸ்கிரீனும் மினுக்குது. கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

"முருகன் வந்திருக்கான், நான் லைட்ட அணைக்கணுமா? ஒன் போர்டுக்கு ஒரு தகரக் கூடு அடிச்சுக்கோ."

"எதக் கொண்டு அடிக்க? கட்டரு, சால்டரிங் அயனு எல்லாம் பூஜை வச்சாச்சுல்லா! நீங்கதான வாங்கி அடுக்குனீங்க?"

உண்மைதான். கட்டடத்தில் எல்லோருடைய ஆயுதங்களும் என் பூஜையில்தான் இருந்தன. விஜயதசமி பூஜை முடியாமல் யாரும் தொடக்கூடாது. அவளும் தொடமாட்டாள்.

கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் பெரிய அலுமினிய அண்டாவத் தாங்க."

"கல்யாணச் சோறு பொங்குற அண்டாம்மா. ஓட்ட கீட்ட விழுந்துறாதே?"

"வானத்துலருந்து வாறது சத்தமில்லாம நொழஞ்சு போயிரும் அண்ணாச்சி. ஒங்க லைட்டோட கரண்டு எரச்சல்தான் உள்ள ஏறாது."

தட்டுகளையும் போர்டையும் அலுமினியத் தாம்பாளம் ஒன்றில் வைத்து, அண்டாவைக் கவிழ்த்து, கிளிப் போட்டு எர்த் கம்பியை மாட்டினாள். திரை அடங்கியது. கொஞ்ச நேரத்தில் சாய்வாக ஒரு கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று. ஏதோ அவளே வானத்திலிருந்து இறக்கியதுபோல என்னைப் பார்த்தாள்.

சொன்னபடி ஆதிரா மேடம் வந்தார். அண்டாவைப் பார்த்ததும் மலையாளத்தில் கேட்டார்.

"இதெந்தா சேச்சி, பிரியாணி வைக்கானோ?"

"தூக்கிப் பாருங்க மேடம்."

தூக்கினார். திரை முழுக்கப் புள்ளி கொட்டியது. பகலிலும் லைட்டை அணைக்கிறவனில்லை நான். மேடம் சிரித்துக்கொண்டே அண்டாவைப் பழையபடி கவிழ்த்தார். சேர்ந்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். தங்கபாய் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"போர்டு நன்னாயிட்டுண்டு. ஆர்டர் சேச்சிக்குத்தன்னெ."

தங்கபாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் அறிக்கையில் என் அண்டாவை வெறும் 'அலுமினிய உறை' என்று எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"தங்கபாய், கடப் பேரையும் போடச் சொல்லு."

"சொல்லுதேன். சீரியல் லைட்டு போட்டது யாருன்னும் சேத்து எழுதச் சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன். அறிக்கை ஐரோப்பாவுக்குப் போயிற்று. பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இந்தத் தெருவில் அவ்வளவு தூரம் போன அண்டா என்னுடையது ஒன்றுதான்.