நகராட்சிச் சின்னத்துக்குக் கீழே

மார்லூஸ் டைக்கெமாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நகராட்சி அறிவிப்புகளை எழுதுவது அவள் வேலை. கால்வாய்ப் பாலம் மக்கர் செய்தாலும், குப்பை வண்டி வராவிட்டாலும், ஊருக்கு முதலில் சொல்பவள் அவள்தான். ஒருமுறை அன்னம் ஒன்று நடுச்சாலையில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. 'அன்னத்தார் இன்னும் எழுந்தருளவில்லை, பொறுத்தருள்க' என்று எழுதினாள். ஊரே சிரித்தது. அதெல்லாம் நகராட்சிப் பக்கம் இருந்த சமூக வலைத்தளம் புது முதலாளிக்குக் கைமாறுவதற்கு முன்னால்.

பழைய பள்ளிக் கட்டடத்தில் அகதிகளைத் தங்கவைப்பதாக நகராட்சி முடிவெடுத்தது. அதற்கான கூட்டத்தில் வந்தவர்களுக்கு மார்லூஸ் காபி ஊற்றிக் கொடுத்த படத்தையும் அறிவிப்போடு சேர்த்துப் போட்டார்கள். மதியத்துக்குள் படத்திலிருந்த அவள் உடம்பில் துணி இல்லை.

தளத்திலேயே ஒரு எந்திர மூளை உண்டு. எந்தப் படத்தையும் கேட்டபடி மாற்றித் தரும். அகதிகள் வருவது பிடிக்காத ஒருவன் துணியை எடுக்கச் சொன்னான், உரித்துக் கொடுத்தது. அடுத்தவன் கழுத்தில் நாய்ச்சங்கிலி கேட்டான், மாட்டிக் கொடுத்தது. எல்லாம் அந்த அறிவிப்புக்கு அடியில், நகராட்சிச் சின்னத்துக்குக் கீழேயே. பலர் சொந்தப் பெயரிலேயே கேட்டிருந்தார்கள். அவளுடைய பல் மருத்துவரின் வரவேற்பாளப் பெண்கூடச் சிரிப்புக் குறி போட்டிருந்தாள்.

தளத்திடம் முறையிட்டாள். எங்கள் விதிகள் எதுவும் மீறப்படவில்லை என்று பதில் வந்தது. போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

மேயர் ரைனவுட் தன் அறைக்கு அழைத்துக் காபி கொடுத்தார்.

"நாப்பதாயிரம் பேர் நம்மள அங்க பாக்குறாங்க, மார்லூஸ். மக்கள் இருக்கிற இடத்துல நாமளும் இருக்கணும் இல்லையா?"

"மக்கள் சந்தையிலயும்தான் இருக்காங்க, மேயர். அங்க என் மேல துணி இருக்கு."

மேயர் ஜன்னலைப் பார்த்தார். "கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்."

"நான் எதுக்குப் போகணும்? அந்தப் பக்கத்த மூடுங்க."

மூடவில்லை. லீவும் அவள் போடவில்லை. தினமும் காலையில் தன் அம்மணத்துக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். நீச்சல்குளம் எப்போது திறக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதினாள். மரியாதையாக நன்றி சொன்னார். மேலே இருந்த படத்துக்கும் அவர் விருப்பக்குறி போட்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள்.

அவள் கணவன் வீபே சனிக்கிழமை மீன்பிடிச் சங்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்தான். சாப்பாட்டு மேசையில் வெகுநேரம் உருளைக்கிழங்கையே மசித்துக்கொண்டிருந்தான்.

"அங்க போன்ல காட்டுனாங்க" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"உன் உடம்பு அப்படி இருக்காதுன்னு சொன்னேன்."

மார்லூஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல, மார்லூஸ்."

அன்றிலிருந்து அவன் எதிரில் அவள் உடை மாற்றவில்லை.

தளத்தைவிட்டு நகராட்சி விலக வேண்டும் என்று ஒரு பெண் உறுப்பினர் நகர்மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். திரையை இயக்குவது மார்லூஸின் பொறுப்பு. பேச்சு நீண்டுகொண்டே போனபோது, யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்தை அப்படியே திரையில் விரித்தாள். சங்கிலி போட்ட படம் சுவரளவுக்கு நின்றது.

"அணைங்க! பொது இடத்துல என்ன அசிங்கம் இது!" என்று ஒரு உறுப்பினர் எழுந்து கத்தினார்.

"இது நம்ம பக்கம்தாங்க. மேல பாருங்க, நம்ம சின்னம். உங்களால ஒரு நிமிஷம் பார்க்க முடியல. நான் தினமும் இதுக்குக் கீழ உக்காந்து உங்களுக்காகப் பதில் எழுதுறேன். நாம அங்க இருக்கிறதாலதான் நல்லவங்களும் அங்க வர்றாங்க. கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறதே நாமதான்."

 வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. வசந்தத்தில் தேர்தல்; உறுப்பினர்கள் எல்லாருக்கும் அந்தத் தளத்தில் ஆளுக்கொரு பக்கம் இருந்தது. மன்றத்தில் ஆபாசப் படம் காட்டியதற்காக மார்லூஸுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். எச்சரிக்கை மேயர் கையெழுத்தில் வந்தது. அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளிடத்துக்கு ஆள் தேவை என்று மறுவாரம் அதே பக்கத்தில் விளம்பரம் வந்தது. நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்க வேண்டுமாம். விண்ணப்பங்கள் குவிந்தன. பெரும்பாலும் இளம்பெண்கள்; எல்லாரும் சிரித்தபடி ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள்.