கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதுகில் மற்ற பெட்டிகளைச் செருக ஒரே ஒரு வாய்தான் இருந்தது. நினைவுப் பெட்டியைச் செருகினால் பிரிண்டருக்கு இடமில்லை. பிரிண்டரைச் செருகினால் பெரிய புரோகிராம் எதுவும் உள்ளே கொள்ளாது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மாமா, "குழந்தை விளையாடட்டும் அக்கா" என்று இத்தனையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழந்தை என்றது என்னை. ஒரே வாரத்தில் அதைக் கைப்பற்றிக்கொண்டது அம்மா.

அப்போது நாங்கள் தில்லியில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு அம்மாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்தப் படிப்பு அதுவரை சாம்பாருக்குத்தான் பயன்பட்டிருந்தது. இப்போது டி.வி.யில் கம்ப்யூட்டரை மாட்டிக்கொண்டு, மத்தியானம் முழுக்க அதன் ரப்பர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பாள். பள்ளி விட்டு வந்தால் எனக்குப் பால்கூட ஆறித்தான் கிடைக்கும்.

நினைவுப் பெட்டி, அதன் பின்னால் பிரிண்டர் பெட்டி, அதற்கும் பின்னால் என் விளையாட்டுக் கைப்பிடியின் பெட்டி என்று ரயில் மாதிரி கோத்துப் பார்த்தாள். வால் லேசாக ஆடினாலும் போதும், திரை வெளுத்து, அதுவரை தட்டியதெல்லாம் போய்விடும். நான் அந்தப் பக்கம் போனாலே, "அடியே, ஆடாத! மெதுவா நட!" என்று கத்துவாள். வீட்டுக்குள் நான் பூனை நடை பழகியது அப்படித்தான்.

கடைசியில் ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் ரேடியோ சாமான் விற்கும் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினாள். "பையா, யே நஹீ, சௌடா வாலா" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கடைக்காரரை ஒரு வழி பண்ணி, அகலமான பட்டை வயரும் மூன்று வாய்களும் வாங்கினாள். சமையல் மேடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பற்றவைத்தாள். இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் மூன்று பெட்டிகளும் அந்த வயரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் ஒன்றாக வேலை செய்தன. அம்மா கைதட்டிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவளுக்கு அவசரம் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை வேலை காலி. சொந்தமாக எழுதிய புரோகிராமை அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"புரோகிராம் இன்னிக்கு ராத்திரிதான் முடியும். நாளைக்கு சரஸ்வதி பூஜை, தொடக் கூடாது. நாளன்னிக்கு விஜயதசமி. அன்னிக்கு பிரிண்ட் எடுத்துட்டா மறுநாள் காலையில கொண்டுபோய்க் குடுத்துடலாம். அதுதான் கடைசி நாள்" என்றாள் அப்பாவிடம்.

"அச்சா, நல்ல நாள்தான்" என்றார் அப்பா.

பூஜைக்காக எல்லாவற்றையும் கழற்றி, என் பாடப் புத்தகங்களோடு பலகையில் வரிசையாக வைத்தாள். மறுநாள் விஜயதசமி காலை மறுபூஜை. புதுப் பொட்டு வைக்கும் உத்தியோகம் எனக்கு. பெட்டிகளுக்கு வைத்தேன், புரோகிராமைக் கேசட்டில் பதிந்துவைக்கும் டேப் ரிக்கார்டருக்கு வைத்தேன். அப்போதுதான் கம்ப்யூட்டரின் முதுகு வாய்க்குள் வரிசையாக மின்னிய பொன்னிறப் பற்கள் கண்ணில் பட்டன. சரஸ்வதி இதில் எங்காவது இருந்தால் அங்கேதான் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. குழைத்த சந்தனத்தை அங்கே தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அம்மாவின் பிரிண்ட் நன்றாக வரட்டும் என்றுதான்.

புதுப் புடவையில் வந்த அம்மா வயரை மாட்டி சுவிட்சைப் போட்டாள். திரையில் கோடு கோடாக ஏதோ வந்தது. நினைவுப் பெட்டியிலிருந்து தீய்ந்த வாடை அடித்தது. பாய்ந்து அணைத்தாள். வயரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி அதன் முதுகையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் எதையோ துடைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்று அப்பா வந்தார்.

"என் வயரிங்தான் தப்பு. எங்கயோ ஒண்ணை மாத்தி வெச்சுட்டேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

"சரி விடு. உன் தம்பி அடுத்த லீவுல வரும்போது வேற கொண்டுவரச் சொல்லலாம்."

மாமாவின் அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. புரோகிராம் கேசட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. அதை ஏற்றிக்கொள்ள நினைவுப் பெட்டிதான் இல்லை. புது முந்தானையில் மஞ்சளாகக் கறை இருந்ததை நானும் பார்த்தேன். பூஜை செய்த கையைத் துடைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அம்மாவின் அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். சந்தனம் அப்பியது நான்தான் என்று ஒரு தடவையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். "தெரியும் போடி" என்று அவள் சொல்வதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. சொல்ல அவள் இல்லை.

அந்த விஜயதசமி மத்தியானம் அவள் பிரிண்டரிலிருந்து தாள் சுருளை அப்படியே உருவி என்னிடம் கொடுத்தாள். "இந்தா, படம் வரைஞ்சுக்கோ." கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அதை விரித்து, யானை, குதிரை, ரயில் என்று வரைந்து தள்ளினேன். என் வகுப்பில் யாருக்கும் இவ்வளவு நீளமான தாள் கிடைத்ததில்லை. குதித்துக் குதித்து நடந்தேன், அம்மா ஆடாதே என்று சொல்லவில்லை. பால்கூட அன்றைக்குச் சூடாகவே கிடைத்தது. நான் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.